ஜின்செங்: எந்த வேர், எத்தனை கிராம், கூடவே என்ன மாத்திரை?

சிவப்பு ஜின்செங், வெள்ளை ஜின்செங் இரண்டும் வேறு வேறு செடிகளா? (வாசகி, கிள்ளான்)

ஒரே செடிதான். நாலு முதல் ஆறு வருடம் வளர்ந்த வேரைத் தோண்டி அப்படியே காயவைத்தால் வெள்ளை. ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு. அமெரிக்க ஜின்செங் வேறு இனம். சீன மருத்துவர்கள் சிவப்பைச் சூடு என்பார்கள், அமெரிக்க வேரைக் குளிர்ச்சி என்பார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஜின்செங் சாப்பிடலாமா? உடனே பதில் தேவை. (வாசகர், திருச்சி)

யார் சாப்பிட? வயது என்ன, என்ன நோய், என்னென்ன மாத்திரை ஓடுகிறது? ஒன்றுமே எழுதாமல் ஒற்றை வரியில் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? எந்த வேர், எத்தனை கிராம், கூடவே என்ன மாத்திரை. இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்று விற்கிறார்களே, இரண்டும் ஒன்றா? (வாசகர், மதுரை)

இல்லை. அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பம். 'சைபீரிய ஜின்செங்' என்று வருவதும் ஜின்செங் அல்ல. லேபிளில் தாவரப் பெயர் 'பானாக்ஸ்' என்று தொடங்குகிறதா பாருங்கள்.

என் கணவருக்கு 58 வயது, இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறார். நண்பர் கொடுத்த ஜின்செங் காபியைக் குடித்தால் அரை மணியில் தெம்பு வருகிறதாம். மூலிகைதானே, தொடரலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், அவருடைய மாத்திரைச் சீட்டோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜின்செங் அரை மணியில் தெம்பு தருகிற பொருளே அல்ல. புற்றுநோய் நோயாளிகள் சுமார் 360 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள்; 2013இல் வெளிவந்தது. தினம் 2 கிராம் அமெரிக்க ஜின்செங். நாலு வாரம் வரை சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, எட்டாவது வாரத்தில்தான் அலுப்பு குறைந்தது தெரிந்தது. அப்படியிருக்க, ஒரு காபி பாக்கெட் அரை மணியில் 'தெம்பு' தருகிறது என்றால் அதில் வேருக்கு மேல் வேறு ஏதோ இருக்கலாம் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இப்படிப்பட்ட காபிகளில் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மருந்துகள் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து உங்கள் ஊர் சுகாதார அறிவியல் ஆணையமே பலமுறை எச்சரித்திருக்கிறது. லேபிளில் அந்தப் பெயர்கள் இருக்காது.

உங்கள் கணவர் எடுப்பது நைட்ரேட் வகை, அதாவது நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்றது என்றால், அதுவும் காபியில் கலந்த மருந்தும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென இறக்கிவிடும். ஆள் மயங்கி விழலாம், உயிரே போகலாம். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போகும்போது, காபிதானே என்று இதைச் சொல்லாமல் விட்டால் அங்கே கொடுக்கிற நைட்ரேட்டே ஆபத்தாகிவிடும். 'மூலிகைதானே' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மனசு பதறுவது இதனால்தான். மூலிகை என்ற பெயரில் வாய்க்குள் போகிற எதுவும் மருந்துதான். மருத்துவரிடம் மறைக்கக் கூடாத மருந்து.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, வார்ஃபரின் எடுக்கிறார். வாரம் ஒருமுறை ஜின்செங் கோழி சூப் தரலாமா? (வாசகர், ஜொகூர் பாரு)

வேண்டாம். வார்ஃபரின் ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை. அமெரிக்க ஜின்செங் அதன் வேலையைக் குறைத்து ஐ.என்.ஆரை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) இறக்குகிறது என்று 2004இல் ஆரோக்கியமானவர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐ.என்.ஆர். இறங்கினால் வால்வில் ரத்தம் உறையலாம். கோழி சூப் தாராளமாகக் கொடுங்கள், வேரை மட்டும் எடுத்துவிடுங்கள். இதுவரை கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லி, ஐ.என்.ஆரை இந்த வாரமே பாருங்கள்.

சர்க்கரைக்கு நல்லதாமே? (வாசகர், கோவை)

சாப்பாட்டுக்கு முன் 3 கிராம் அமெரிக்க ஜின்செங் எடுத்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஓரளவு குறைந்ததைச் சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் கூடவே இதையும் எடுத்தால் சர்க்கரை ரொம்பவே இறங்கிவிடலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், எடுக்கலாமா? (வாசகி, ஈப்போ)

கூடாது.

ஜின்செங் தொடங்கியதிலிருந்து தூக்கம் வரவில்லை. (வாசகர், சென்னை)

எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று நீங்களும் எழுதவில்லை. காய்ந்த வேர் என்றால் ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் போதும். காலையில் மட்டும் எடுங்கள், காபியைக் குறையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே மூச்சாக ஓட்ட வேண்டாம். அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அப்படியும் தூக்கம் வராவிட்டால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள்.