கத்தியும் சாணைக்கல்லும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று மாதமாக 1000 கிரிட் (நடுத்தரச் சொரசொரப்புள்ள) தண்ணீர்க்கல்லில் கத்தி தீட்டிப் பழகுகிறேன். கல்லுக்கும் அலகுக்கும் இடையே 15 டிகிரி கோணம் இருக்கும்படி பிடிக்க வேண்டும் என்று படித்தேன். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் கை ஆடுகிறது. எவ்வளவு தீட்டினாலும் கத்தி தாளை வெட்டாமல் கிழிக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் 15 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். 14-ல் தீட்டினாலும் 18-ல் தீட்டினாலும் கத்தி நன்றாகவே வெட்டும். கத்தியின் ஒரே வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, 12-க்கும் 20-க்கும் நடுவே ஆட்டி ஆட்டித் தீட்டினால்தான் வெட்டாது. கோணம் தாழ்ந்த இழுப்புகள், வாயை நோக்கித் தீட்டப்பட்ட சரிவின் மேல்பகுதியை மட்டும் தேய்த்துவிட்டுப் போகும். வாயைத் தொடுவதே இல்லை. கோணம் உயர்ந்த இழுப்போ, அதுவரை சேர்ந்த கூரை மழுக்கிவிடும். இருபது நல்ல இழுப்பின் உழைப்பு ஒரே ஓர் இழுப்பில் வீணாவது இப்படித்தான்.

ஆட்டம் பெரும்பாலும் மணிக்கட்டில் தொடங்குகிறது. கத்தியை முன்னே தள்ளும்போது மணிக்கட்டு தானாக மடங்கி, கத்தியின் முதுகு (வாய்க்கு எதிரே உள்ள தடித்த விளிம்பு) எழும்பும், இழுக்கும்போது சரியும். அதனால் மணிக்கட்டை அசையாமல் வைத்துக்கொண்டு, முழங்கையாலும் தோளாலும் நகர்த்துங்கள். பிடியை மூன்று விரலால் பற்றுங்கள். ஆள்காட்டி விரல் முதுகின் மேல், கட்டைவிரல் பிடியை ஒட்டி அலகின் பக்கவாட்டில். கோணத்தைக் காப்பது இந்த இரண்டு விரல்கள்தான். மற்ற கையின் விரல் நுனிகளை வாய்க்குச் சற்று மேலே வையுங்கள். அந்த விரல்களுக்கு நேர் கீழே எப்போதும் கல் இருக்க வேண்டும். கல்லுக்கு வெளியே அழுத்தினால் கத்தி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கல்லை இடுப்பு உயரத்தில், ஈரத்துணி விரித்து அதன்மேல் வையுங்கள். கல்லே நகர்ந்தால் கை பழகிப் பயனில்லை. வேகமும் வேண்டாம். ஓர் இழுப்புக்கு இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் பின்னால் தானே வரும்.

இனி முக்கியமான ஒரு சோதனை. வாயை ஒட்டிய சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேல் ஓரத்தில் மட்டும் மை போயிருந்தால் கோணம் தாழ்வு, முதுகைத் தூக்குங்கள். வாய் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் உயரம்; முதுகை இறக்குங்கள். பிடிப் பக்கம் ஒரு மாதிரியும் நுனிப் பக்கம் வேறு மாதிரியும் போயிருந்தால், இழுப்பின் போக்கில் கை மாறுகிறது என்று பொருள். முதல் சில வாரங்கள் ஒவ்வொரு முறையும் மை பூசியே தீட்டுங்கள். கை எங்கே தவறுகிறது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் கருவி வேறில்லை.

மை இல்லாமலும் கல் சொல்லும். வாய் முன்னே போகும்படி தள்ளும்போது, கல்லின் மேலிருக்கும் தண்ணீரைப் பாருங்கள். வாய் சரியாகப் படிந்திருந்தால் தண்ணீர் அதன் முன்னால் மெல்லிய கரையாகத் திரண்டு நகரும். கோணம் தாழ்ந்து வாய் தூக்கியிருந்தால் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். சத்தமும் சீராக ஒரே சுருதியில் இருக்க வேண்டும். நடுவில் மாறினால் கோணம் மாறிவிட்டது.

கேள்வி: கோணமானி இல்லாமல் தொடக்கக் கோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கல்லிலிருந்து முதுகின் உயரத்தை அளந்தால் போதும். வாயிலிருந்து முதுகு வரை அலகின் அகலம் 45 மி.மீ. என்றால், 15 டிகிரிக்கு முதுகின் நடுக்கோடு சுமார் 12 மி.மீ. உயரத்திலும், 20 டிகிரிக்கு சுமார் 15 மி.மீ. உயரத்திலும் இருக்கும். அகலத்தை 15 டிகிரிக்கு 0.26-ஆலும், 20 டிகிரிக்கு 0.34-ஆலும் பெருக்கினால் எந்தக் கத்திக்கும் உயரம் கிடைக்கும். அந்த உயரத்தில் ஒரு மரத்துண்டு செதுக்கி, தொடங்கும் முன் முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: முதுகில் மாட்டும் கோண கிளிப் வாங்கலாமா?

பதில்: முதல் சில நாள் கைக்கு அடையாளம் காட்ட உதவும். அதற்குமேல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கிளிப் தருவது உயரத்தை, கோணத்தை அல்ல. முதுகை 12 மி.மீ. உயர்த்தும் கிளிப், 45 மி.மீ. அகலக் கத்தியில் சுமார் 15 டிகிரி தரும், 25 மி.மீ. அகலச் சிறு கத்தியில் அதுவே 29 டிகிரிக்கு நெருங்கிவிடும். கல்லின் மேற்பரப்பையும் அது உரசித் தேய்க்கும்.

கேள்வி: நடுப்பகுதி நன்றாகக் கூராகிறது. நுனி மட்டும் மழுங்கியே இருக்கிறது.

பதில்: நுனியை நோக்கி வாய் மேலே வளைகிறது. கையை அப்படியே வைத்திருந்தால் அந்த வளைவு கல்லைத் தொடாது. வளைவு வரும் இடத்தில் பிடியை மெல்ல உயர்த்துங்கள். விரல்களையும் நுனிப் பக்கம் நகர்த்துங்கள். முழு நீளத்தையும் ஒரே வீச்சில் தீட்டாமல், விரல் அகலப் பகுதிகளாகப் பிரித்து, நுனியைத் தனியாகக் கவனிப்பது தொடக்கத்தில் எளிது.

கேள்வி: பிசிறு ஓரிடத்தில் வருகிறது, இன்னோரிடத்தில் வரவில்லை. ஏன்?

பதில்: பிசிறு என்பது வாயைத் தாண்டி எதிர்ப்பக்கம் மடியும் மெல்லிய உலோக விளிம்பு. முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்கே பெருவிரலை மெல்ல உரசினால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு வராத இடத்தை உங்கள் கோணம் இன்னும் எட்டவில்லை. அங்கே மட்டும் கூடுதலாகத் தீட்டி, முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். மறுபக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். கடைசி இழுப்புகளுக்குக் கத்தியின் எடையே போதும்.

எப்போதும் ஒரே இடத்தில் பிசிறு வராமல் போனால், கல்லைச் சந்தேகியுங்கள். நடுவில் குழிந்த கல்லில் கை அசையாவிட்டாலும் கோணம் இடத்துக்கு இடம் மாறும். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடியில் ஒட்டிய ஈர உப்புத்தாளில் தேயுங்கள். நடுவில் கோடுகள் மிஞ்சினால் அங்கேதான் குழி. எல்லாக் கோடுகளும் மறையும் வரை தேய்த்துவிட்டு, மறுபடியும் வாயில் மை பூசித் தொடங்குங்கள்.