லினக்ஸுக்கு எந்த வைஃபை அடாப்டர்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டெஸ்க்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கேன். யுஎஸ்பி வைஃபை அடாப்டர் எந்தக் கம்பெனி வாங்கலாம்?

பதில்: கம்பெனியை விடுங்க, உள்ளே இருக்கிற சிப்பைப் பாருங்க. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் மாடலில் முதல் வெர்ஷனுக்கு அதெராஸ் ஏஆர்9271 சிப், 2, 3-க்கு ரியல்டெக் 8188இயூஎஸ். மாடல் பேர் ஒன்றுதான், டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வேற. உங்களுக்கு மீடியாடெக் எம்டி7612யூ சிப் சரியா வரும், லினக்ஸின் மையமான கெர்னல் 4.19-லிருந்தே டிரைவர் உள்ளே இருக்கு. வைஃபை 6 வேணும்னா எம்டி7921ஏயூ, அது 5.18 முதல். டெபியன் 12-ல் இருப்பது 6.1, அதனால் இரண்டும் ஓடும். ரியல்டெக் 8822பியூ, 8821சியூ டிரைவர்கள் 6.2-ல்தான் உள்ளே வந்தன, உங்களுக்கு எட்டாது. சிப் பேர் போடாமல் விற்கிறதை வாங்காதீங்க.

கேள்வி: செருகினா சிடி டிரைவ்னு காட்டுது சார், வைஃபை வரலை.

பதில்: விண்டோஸ் டிரைவரைச் சுமந்து வருகிற அடாப்டர் அது. அந்த சிடியை எஜெக்ட் பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் இதே கதைன்னா யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜைப் போடுங்க.

கேள்வி: நல்ல பிராண்ட் ஒண்ணு சொல்லுங்க.

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: ரியல்டெக்கை ஏன் ஒதுக்கறீங்க? 8812ஏயூ சிப்புக்கு கிட்ஹப் (சோர்ஸ் கோட் பகிரும் தளம்) பக்கத்தில் டிரைவர் இருக்கு. டிகேஎம்எஸ் டூலைப் போட்டா ஒவ்வொரு புது கெர்னலுக்கும் தானா பில்ட் ஆகிடுது.

பதில்: கெர்னல் மாறாத வரைக்கும் ஓடும். டிகேஎம்எஸ் பண்றதெல்லாம் அதே பழைய சோர்ஸைப் புது கெர்னலுக்கு மறுபடி கம்பைல் பண்றதுதான். கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷன் மாறினாலும் பில்ட் நின்றுவிடும். ரீபூட் ஆனதும் வைஃபை இருக்காது. திருத்தத்தை இறக்க நெட்டும் இருக்காது. செக்யூர் பூட் (சைன் பண்ணினதை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) ஆன்ல இருந்தா, சைன் பண்ணாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. மாட்யூலை சைன் பண்ண நீங்களே உருவாக்கும் மோக் சாவியை என்ரோல் பண்ணணும்.

கேள்வி: பழைய கெர்னலில் பூட் பண்ணலாமே? புது கெர்னல்ல 8812ஏயூ உள்ளேயே வந்துடுச்சே?

பதில்: பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கிறது சரியான வழிதான். போனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டாலும் நெட் கிடைக்கும். ஆனா புதுசா வாங்கறவருக்கு இந்த வேலையே எதுக்கு? புது கெர்னல்ல 8812ஏயூ டிரைவர் உள்ளே வந்துவிட்டது உண்மை. அப்படியானால் கிட்ஹப் டிரைவரை முழுசா நீக்குங்க. அது மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் ஃபைல் (உள் டிரைவரைத் தடுப்பது) விட்டுப் போயிருந்தா அதையும் அழிங்க. இல்லைன்னா உள் டிரைவர் லோடே ஆகாமல் போகலாம்.

கேள்வி: ஏஎம்டி லேப்டாப்புக்கு உள்ளே இன்டெல் ஏஎக்ஸ்201 கார்டு போடலாமா?

பதில்: வேண்டாம். அதில் பாதி வேலையை இன்டெல் சிப்செட்தான் செய்யுது, ஏஎம்டியில் ஓடாது. ஏஎக்ஸ்210 வாங்குங்க, கெர்னல் 5.10 முதல் ஓடும்.

கேள்வி: யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினா 2.4 கிகாஹெர்ட்ஸ் விட்டுவிட்டு வருது. எந்த அடாப்டர் பெஸ்ட்?

பதில்: அடாப்டரை மாத்தாதீங்க. யுஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்க, இல்லைன்னா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க.