36 சதவீதம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ‘2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்’ என்ற ஹாலிவுட் கார் பந்தயப் படம் என்றால் எங்கள் பட்டறைப் பையன்களுக்கு உயிர். ஆனால் விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் அதற்கு 36 சதவீதம்தான். நூற்றுக்கு முப்பத்தாறு என்றால் மயிரிழையில் பாஸான படமா? அமெரிக்க விமர்சகர் ரோஜர் எபர்ட்டோ நாலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். விமர்சகர்களுக்கு வண்டி தெரியாததால் வந்த வினையா இது, இல்லை எங்களுக்குத்தான் சினிமா தெரியவில்லையா? நைட்ரஸ், கியர், பாலத்தைத் தாண்டிக் குதிப்பது எல்லாமே புருடா என்கிறார் எங்கள் ஹெட் மெக்கானிக். விமர்சகர்கள் சொன்னதும் அதைத்தானா?

எஸ்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த 36. அது மதிப்பெண் இல்லை, தலைக்கணக்கு. ராட்டன் டொமேட்டோஸ் ஒவ்வொரு விமர்சனத்தையும் ‘பார்க்கலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, ‘பார்க்கலாம்’ என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறது. ‘கொஞ்சத்தில் தவறிவிட்டது’ என்று எழுதியவரும் ‘குப்பை’ என்று எழுதியவரும் அங்கே ஒரே கணக்குதான். எல்லோரும் ‘சுமார், பார்க்கலாம்’ என்று சொன்ன படம் அங்கே 100 வாங்கும். எனவே அந்த எண்ணோடு மெட்டாக்ரிட்டிக் என்ற தளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது விமர்சனங்களை மதிப்பெண்ணாக்கிச் சராசரி எடுக்கிறது. இந்தப் படத்துக்கு அங்கே 38. இரண்டு வழியில் கணக்குப் போட்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆகவே கணக்கு முறைமேல் பழிபோட வழியில்லை. விமர்சகர்களுக்குப் படம் பிடிக்கவில்லை.

சினிமாஸ்கோர் என்று இன்னொன்று உண்டு. படம் வெளியாகும் நாளில் அமெரிக்கத் தியேட்டர்களிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டு வாங்கும் கிரேடு அது. இந்தப் படத்துக்கு ‘ஏ மைனஸ்’. பட்டறைப் பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டு ‘மக்கள் தீர்ப்பு’ என்று சொல்லலாம். முதல் நாளே டிக்கெட் எடுப்பவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வருபவர்கள் என்பதால் அந்த கிரேடு எப்போதுமே கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வசூல் பிரிந்த விதம். இந்தத் தொடரில் 2001இல் வந்த முதல் படத்துக்குச் செலவு 38 மில்லியன் டாலர், 2003இல் வந்த இரண்டாவதுக்கு 76 மில்லியன். செலவு சரியாக இரட்டிப்பு. ஆனால் அமெரிக்க, கனடா வசூல் 144 மில்லியனிலிருந்து 127 மில்லியனுக்கு இறங்கியது. மற்ற நாடுகளில் 63 மில்லியனை ஒட்டியிருந்தது 109 மில்லியனாக ஏறியது. விமர்சகர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அவர்கள் ஊரில் சுருங்கிய படம் வெளியூரில் வளர்ந்துகொண்டிருந்தது. உங்கள் பட்டறை அந்த வெளியூர்க் கணக்கில் வருகிறது.

அவர்கள் குறை சொன்னது எதை? முதல் படத்தில் நடித்த வின் டீசல் இதில் இல்லை. முன்னாள் போலீஸ்காரன் கடத்தல்காரனிடம் டிரைவராகச் சேர்ந்து வேவு பார்க்கும் பழைய கதை. பல்லைக் கடிக்க வைக்கும் வசனம். மூன்றுமே நியாயமான குறைகள். இயக்குநர் ஜான் சிங்கிள்டன் என்பதால் ஏமாற்றம் இன்னும் கூடியது. தன் முதல் படத்துக்காக 24 வயதில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் அவர், அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கரும்கூட. அப்படிப்பட்டவர் இதை ஏன் எடுத்தார் என்ற கேள்வி பல விமர்சனங்களுக்கு அடியில் ஓடுகிறது. அந்த ஆண்டின் மோசமான படங்களுக்கான ராஸி விருதுக்கு இரண்டு பிரிவுகளில் பெயர் போனது, இரண்டிலும் ‘வெல்ல’வில்லை.

என் வருத்தம் வேறு இடத்தில். கார் பந்தயப் படத்தின் கைத்திறன் இருப்பது ஓட்டத்தில். பெரும்பாலான விமர்சனங்கள் அதை ஒரு வரியில் கடந்துபோயின. நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்றால் ஏன், மோசம் என்றால் எங்கே என்று சொல்லவில்லை. சண்டைப் படத்துக்கு எழுதுகிறவர் சண்டையைப் பற்றி எழுதாமல் விட்டால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

நீங்களே பார்த்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. முதல் பந்தயத்தைச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். எஞ்சின் உறுமலும் பாட்டும் போனபிறகு மிஞ்சுவது படம் மட்டும். எந்த நொடியில் நிறுத்தினாலும் ‘இப்போது முன்னால் யார், பின்னால் யார், வளைவு எந்தப் பக்கம்’ என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். பிறகு ஷாட்டுகளை எண்ணுங்கள். இரண்டு வண்டியும் சாலையும் ஒரே சட்டகத்தில் தெரியும் ஷாட் எத்தனை, முகம், கால், கியர் குச்சி, மீட்டர் மட்டும் தெரியும் ஷாட் எத்தனை? பின்னது முன்னதைவிட மிக அதிகம் என்றால் ஓட்டத்தை எடுக்கவில்லை, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவதாக சாலையோரம் நிற்கும் ஆட்கள், தூசி, டயர் புகை. இவை இயல்புக்கு மீறி விறுவிறுவென நகர்ந்தால் கேமராவை மெதுவாக ஓட்டிப் படம்பிடித்திருக்கிறார்கள். நொடிக்கு 20 பிரேம் எடுத்து 24 பிரேமில் ஓட்டினால் 100 கிலோமீட்டர் வேகம் 120ஆகத் தெரியும். தவறில்லை, பழைய முறைதான். அளவு மீறினால் வண்டி பொம்மைபோலத் துள்ளும்.

இந்தச் சோதனையில் சிங்கிள்டன் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறுகிறார் என்பது என் எண்ணம். காரணம் நிறம். இரவில் நான்கு வண்டிகள் ஓடும்போது வெள்ளி நிற நிஸான் ஸ்கைலைனும் இளஞ்சிவப்பு ஹோண்டா எஸ்2000மும் கண்ணில் உடனே பிரிந்து தெரிகின்றன. பின்னால் வரும் இருவர் அணிப் பந்தயத்திலும் பளிச்சென்ற பச்சைமஞ்சள் மிட்சுபிஷி எவோவும் ஊதா மிட்சுபிஷி எக்லிப்ஸும் அப்படியே. கிடங்கிலிருந்து ஒரே நேரத்தில் ஏகப்பட்ட வண்டிகள் சீறி வெளியேறி போலீசைக் குழப்பும் காட்சி, மேலிருந்து எடுத்ததால், எத்தனை முறை பார்த்தாலும் புரிகிறது. ஆனால் பந்தயங்களுக்கு நடுவே அவர் முகங்களுக்கும் கணினி கிராபிக்ஸுக்கும் போகும் இடங்களில் படம் விழுகிறது.

இனி உங்கள் ஹெட் மெக்கானிக் சொன்னது. அவர் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் விமர்சகர்கள் சொன்னது அதுவல்ல.

கியர்: ஆறு கியர் பெட்டியில் மேலே மாற்றுவது ஐந்து தடவைதான். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பந்தயத்தில் மாற்றம் எதுவும் செய்யாத ஸ்கைலைன் ஜிடி-ஆர் சுமார் 13 நொடியில் முடித்துவிடும், மூன்று தடவை மாற்றினால் தாராளம். 13 நொடியை ஒன்றரை நிமிடமாக நீட்ட வேண்டியிருப்பதால் படங்களில் கியர் குச்சி ஓயாமல் நகர்கிறது. ஆனால் இந்தப் படத்தின் முதல் பந்தயம் திருப்பங்கள் உள்ள தெருப் பந்தயம். திருப்பத்துக்கு முன் கியரை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே அங்கே எண்ணி ‘புருடா’ என்று சொல்லிவிட முடியாது. நேர்ச்சாலையில் மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

நைட்ரஸ்: எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தரச் செலுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு. அது எரிபொருள் இல்லை. எஞ்சினுக்குள் சூடேறியதும் நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது. அதன் எடையில் சுமார் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் அது 23தான். கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற கூடுதல் பெட்ரோல் போகாவிட்டால் கலவை மெலிந்து, தட்டல் வந்து, பிஸ்டன் உருகும். ஆர்பிஎம் 3000 தாண்டி, ஆக்சிலரேட்டர் முழுதாக அழுந்தியபிறகே திறக்க வேண்டும். கீழே இருக்கும்போது திறந்தால் இன்டேக்கில் வெடிக்கும், கனெக்டிங் ராடு வளையும். 100 குதிரைசக்தி கூட்டும் செட்டப்பில் 10 பவுண்டு சிலிண்டர் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் வரும். படத்தில் பட்டனை அமுக்கியதும் உலகமே கோடாக நீள்வதும், ஒரே அமுக்கில் தீர்ந்துபோவதும் கற்பனை. (பையன்கள் மாட்டிப் பார்க்க நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, வண்டியை உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.)

பாலம்: சரிவை விட்டு முதலில் முன்சக்கரங்கள் விலகுகின்றன. பின்சக்கரங்கள் இன்னும் சரிவில் இருக்கும்போதே முன்பக்கம் விழத் தொடங்கிவிடும். எஞ்சின் எடையும் முன்னால். ஆகவே மூக்கு கீழே போகும். ஸ்டண்ட் ஆட்கள் டிக்கியில் எடை வைத்து, சரிவின் நுனியைக் கொஞ்சம் மேலே தூக்கி இதைச் சமாளிப்பார்கள். அப்படியும் இறங்கும்போது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் உடையும், ரேடியேட்டர் கிழியும், சேஸிஸ் மடங்கும். அந்த வண்டி அன்றோடு சரி. இறங்கியதும் சீறிக்கொண்டு போவது இன்னொரு வண்டி.

உங்களால் முடிந்தால் பையன்களோடு வேலந்தாவளம் வழியாக ஒருநாள் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயம் பார்க்கப் போய்வாருங்கள். மாருதி எஞ்சினில் ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டிய கரிவர்தனின் பெயரில் இருக்கும் தளம் அது. கேலரியிலிருந்து பார்த்தால் நேர்ச்சாலையில் வண்டிகள் நிதானமாகப் போவதுபோலவே இருக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் வேகம் தெரியும். கேமராவைத் தரையோடு ஒட்டி வைப்பதும், சாலையோரத் தூண்கள் சட்டகத்தில் பறக்கும்படி கோணம் பார்ப்பதும் ஏன் என்று அங்கே புரிந்துவிடும்.

எபர்ட் பற்றிக் கேட்டீர்கள். அந்தந்த வகைப் படத்தை அந்த வகைக்குள் வைத்துப் பார்க்கும் வழக்கம் அவருடையது. 2006இல் ஜஸ்டின் லின் எடுத்த மூன்றாவது படமான ‘டோக்கியோ ட்ரிஃப்ட்’டுக்கும் அவர் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். மற்றவர்கள் அதையும் முப்பதுகளிலேயே நிறுத்தினார்கள், வசூலும் 159 மில்லியனோடு நின்றது. இரண்டாவது படம் அறிமுகப்படுத்திய ரோமன், தேஜ் என்ற பாத்திரங்கள் இருவரும் 2011இல் ஐந்தாம் படத்துக்குத் திரும்பி வந்து நிலைத்துவிட்டார்கள். அதற்கு விமர்சகர்கள் 78 சதவீதம் தந்தார்கள். தொடர்ச்சிப் படத்தை வெளியான வாரத்திலேயே எடைபோட்டு முடித்துவிடுவதில் இந்த இழப்பு இருக்கிறது.

ஓட்டத்துக்காக மட்டும் பார்ப்பதென்றால் மூன்றாவதைப் பாருங்கள். வண்டியைச் சறுக்கவிட்டே வளைவில் ஓட்டும் ட்ரிஃப்டின் முன்னோடி கெயிச்சி சுசியா அதற்கு ஆலோசகர், மீன்பிடிப்பவராக ஒரு காட்சியில் வந்தும் போகிறார். அதில் வரும் எவோ, கம்பெனியிலிருந்து நான்கு சக்கர இழுவையோடு வரும் வண்டி. அப்படியே விட்டால் ஹேண்ட்பிரேக் இழுத்துப் பின்பக்கத்தைச் சறுக்கவிட்டாலும் முன்சக்கரங்கள் வண்டியை நேராக்கிவிடும், சறுக்கல் நீடிக்காது. அதனால் முன் இழுவையைக் கழற்றிப் பின்சக்கர இழுவையாக மாற்றித்தான் ஓட்டினார்கள். அந்தக் காட்சிகளில் படத்தை நிறுத்தி டயர்களைப் பாருங்கள், புகை பின்னாலிருந்து மட்டுமே வரும்.