நிமிடம் தீர்ந்துபோனால் பெரிய திட்டம் வாங்க வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் மூன்று பேர் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். கோடு (code) மாறும்போதெல்லாம், அதைச் சேமித்திருக்கும் கிட்ஹப் தளத்தின் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தன் கணினிகளில் தானாக பில்டும் (கோடை ஓடும் மென்பொருளாகத் தொகுப்பது) டெஸ்டும் ஓட்டிவிடும். அதற்கு மாதம் கிடைக்கும் 2,000 இலவச நிமிடம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. காசு கட்டும் டீம் திட்டத்துக்கு மாறலாமா, இல்லை ஆபீஸ் கணினியிலேயே ஓட்டிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் டெஸ்ட் எல்லாம் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். ஆலைக் கல்லாவில் இருப்பது விண்டோஸ் என்பதால் நீங்களும் விண்டோஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். விண்டோஸில் ஒரு நிமிடம் ஓடினால் இலவசக் கணக்கில் இரண்டு நிமிடம் கழியும். அப்படியானால் உங்கள் கையில் இருப்பதே 1,000 நிமிடம்தான். மூட்டைக் கணக்கு, ஈரப்பதக் கழிவு, ஜிஎஸ்டி மாதிரியான வெறும் கணக்கு டெஸ்டுகளை லினக்ஸுக்கு மாற்றுங்கள். பிரிண்டர், இன்ஸ்டாலர் மட்டும் விண்டோஸில் இருக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு ஜாபையும் (தனித்தனியாக ஓடும் வேலை) முழு நிமிடமாக்கித்தான் கணக்கில் எழுதுவார்கள். பத்து நொடி ஜாப் ஆறு இருந்தால் ஆறு நிமிடம் போச்சு. ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். இதைவிடப் பெரிய ஓட்டை டைம்அவுட், அதாவது ஒரு ஜாப் ஓடக்கூடிய நேர வரம்பு. நீங்களாக எதுவும் குறிக்காவிட்டால், எங்கோ சிக்கி நின்ற ஜாப் 6 மணி நேரம் வரை ஓடும். ஒரே ராத்திரியில் 360 நிமிடம், விண்டோஸ் என்றால் 720! பதினைந்து நிமிடம் என்று ஒரு வரி எழுதிவைத்தால் தீர்ந்தது.

இவ்வளவும் செய்தும் பற்றவில்லையா? டீம் திட்டம் ஆளுக்கு மாதம் 4 டாலர். மூன்று பேருக்கு 12 டாலர் கட்டினால் 3,000 நிமிடம், அதாவது 1,000 நிமிடம் கூடுதல். 2026 ஜனவரியில் விலையைக் குறைத்த பிறகு சாதாரண லினக்ஸ் நிமிடம் 0.006 டாலர். அதே 1,000 நிமிடத்தைத் தனியாக வாங்கினால் 6 டாலர்தான். நிமிடத்துக்காக மட்டும் டீம் வாங்குவது வீண். தனியாக வாங்கும்போது பட்ஜெட் வரம்பு வைத்து, அதைத் தொட்டதும் நிற்கும்படி அமைத்துவிடுங்கள்.

ஆபீஸ் கணினி விஷயத்தில் கொஞ்சம் நிதானம். அதில் ஓட்டினாலும் நிமிடத்துக்கு 0.002 டாலர் கட்டணம் என்று 2025 டிசம்பரில் கிட்ஹப்காரர்கள் அறிவித்தார்கள். பயனர்கள் கொதித்ததும் ஒத்திவைத்தார்கள். எப்போதும் இலவசம் என்று நம்பி இதற்கென்று புதுக் கணினி வாங்காதீர்கள். மூலையில் சும்மா கிடப்பது ஒன்று இருந்தால் போடலாம். ஸ்டாடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) தேவையில்லை, அந்தக் கணினியே இணையத்தில் போய் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கம் கரண்ட் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும், யூபிஎஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் கல்லூரி மாணவன். என் புராஜெக்ட் கிட்ஹப்பில் பப்ளிக் ரெப்போவில் (யாரும் பார்க்கக்கூடிய கோடு கிடங்கு) இருக்கிறது. யாரோ எழுதிய ஆக்‌ஷன்களை (தயாராகக் கிடைக்கும் கோடு துண்டுகள்) எடுத்துப் பயன்படுத்துகிறேன். பணம் கட்ட வேண்டி வருமா? ஆபத்து உண்டா?

பதில்: பப்ளிக் ரெப்போவுக்கு வழக்கமான ரன்னர்கள் (ஜாபை ஓட்டும் கிட்ஹப் கணினிகள்) இலவசம், நிமிடக் கணக்கெல்லாம் பிரைவேட் ரெப்போவுக்குத்தான். ஆபத்து உண்டு. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற பெயரில் பலரும் பயன்படுத்திய ஒரு ஆக்‌ஷனுக்குள் யாரோ புகுந்து, பழைய வெர்ஷன் டேகுகளையே (வெர்ஷனைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) கெட்ட கோடின் பக்கம் திருப்பிவிட்டார்கள். ரகசியச் சாவிகள் லாகில் (ஜாப் ஓடியதன் பதிவு) அச்சாகின. பப்ளிக் ரெப்போவின் லாகை யார் வேண்டுமானாலும் படிக்கலாமே! அதனால் வி4 என்று டேகை எழுதாமல், அந்தக் கோடின் குறிப்பிட்ட நிலையைக் காட்டும் 40 எழுத்து கமிட் எண்ணை எழுதுங்கள். டேகை நகர்த்த முடியும், அந்த எண்ணை நகர்த்த முடியாது. எண் இல்லாத ஆக்‌ஷனை ஓடவே விடாமல் தடுக்கும் அமைப்பும் 2025 ஆகஸ்டில் வந்திருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். ஆபீஸ் கணினியில் ஓட்டும் யோசனையை மட்டும் மேலே உள்ள கும்பகோணத்துக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பப்ளிக் ரெப்போ என்றால் முகம் தெரியாத ஆள் அனுப்பும் புல் ரிக்வெஸ்டும் (கோடில் மாற்றம் செய்யச் சொல்லும் கோரிக்கை) உங்கள் லேப்டாப்பில் ஓடக்கூடும்.