இரும்பு 2+ அயனிக்கு 3டி⁴ 4எஸ்² என்று எழுதினால் ஏன் தவறு? 4எஸ் தானே முதலில் நிரம்புகிறது?

நீங்கள் இரும்பின் 26 எலக்ட்ரான்களில் 2 கழித்து, மிச்சமுள்ள 24 எலக்ட்ரான்களை ஆஃபா வரிசைப்படி (ஆற்றல் குறைந்த ஆர்பிட்டாலை முதலில் நிரப்பும் வரிசை) மறுபடி அடியிலிருந்து நிரப்பியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். அயனியைப் புதிதாகக் கட்டக் கூடாது. முதலில் அணுவை எழுதுங்கள், [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்² ([ஆர்கான்] என்பது உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்கள்), அப்புறம் 4எஸ்-இல் இருக்கும் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மீதி 3டி⁶. இரும்பு 3+ என்றால் டி-யிலிருந்து இன்னும் ஒன்று போய் 3டி⁵.

சரி, ஏன்? "4எஸ் ஆற்றல் 3டி-யைவிடக் குறைவு" என்று மனப்பாடம் செய்கிறோமே, அது பொட்டாசியம், கால்சியம் வரைக்கும்தான் சரி. ஸ்கேண்டியத்திலிருந்து அணுக்கருவின் இழுப்பு கூடி 3டி கீழே இறங்கிவிடுகிறது. கால்சியம் அணு, டைட்டானியம் 2+ இரண்டிலும் 20 எலக்ட்ரான்கள்தான், ஆனால் முதலாவது 4எஸ்², இரண்டாவது 3டி², ஏனென்றால் அதன் கருவில் புரோட்டான்கள் 22. ஸ்கேண்டியம் 3+ அயனிக்கு ஒவ்வொரு எலக்ட்ரானாகத் திருப்பிக் கொடுத்தால் முதல் எலக்ட்ரான் 3டி-க்குத்தான் போகிறது, 4எஸ் பிறகுதான். அப்படியானால் அணுவில் 4எஸ்-க்கு ஏன் ஆள் இருக்கிறது என்று கேட்பீர்கள்: 3டி சிறிய இடம், அங்கே எல்லாரும் நெருக்கினால் விலக்கம் அதிகம், இரண்டு பேர் வெளியே 4எஸ்-இல் இருந்தால் மொத்த ஆற்றல் குறைகிறது. அயனியில் அந்த நெருக்கடி தளர்ந்துவிடுகிறது, இழுப்பும் கூடிவிடுகிறது.

நம்பிக்கை வரவில்லையா, காந்தத் தன்மையைப் பாருங்கள். இரும்பு 2+ இதற்கு உதவாது, 3டி⁴ 4எஸ்² என்றாலும் 3டி⁶ என்றாலும் தனித்த (ஜோடி சேராத) எலக்ட்ரான்கள் நான்குதான் (உயர் சுழற்சி நிலையில், அதாவது டி எலக்ட்ரான்கள் முடிந்தவரை ஜோடி சேராமல் இருக்கும்போது). இரும்பு 3+ காட்டிக்கொடுத்துவிடும்: 4எஸ்² 3டி³ ஆக இருந்தால் மூன்று தனித்த எலக்ட்ரான்களுக்கான காந்தத் திருப்புத்திறன் 3.87 போர் மேக்னட்டான் (அதை அளக்கும் அலகு) வரவேண்டும், ஆனால் உயர் சுழற்சிச் சேர்மங்களில் அளந்தால் 5.9 பக்கம் வருகிறது, அதாவது ஐந்து தனித்த எலக்ட்ரான்கள்.

தேர்வில் நேரம் இல்லையென்றால், முதல் வரிசை இடைநிலைத் தனிமங்களின் (ஸ்கேண்டியத்தில் தொடங்கும் 3டி வரிசை) 2+, 3+ அயனிகளுக்கு அணு எண்ணில் 18-ஐயும் மின்சுமையையும் கழியுங்கள், டி எலக்ட்ரான் எண்ணிக்கை வந்துவிடும். கோபால்ட் 3+: 27 − 18 − 3 = 6. இதில் குரோமியம், காப்பர் விதிவிலக்குகளைப் பற்றிக்கூடக் கவலை வேண்டாம், குரோமியம் அணுவை 3டி⁴ 4எஸ்² என்று தவறாகவே எழுதியிருந்தாலும் குரோமியம் 3+ சரியாக 3டி³ என்றுதான் வரும். காப்பர் 1+ மாதிரி ஒற்றை மின்சுமை அயனியை அணுவிலிருந்து எழுதும்போதுதான் 3டி¹⁰ 4எஸ்¹ என்ற சரியான அமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.