பேஸ் கிற்றாரும் டிஜிற்றல் அம்பிளிபயரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் இசைக்குழுவில் லீட் கிற்றாருக்கு வாங்கிய பழைய டிஜிற்றல் புரோசசர் ஒன்று இருக்கிறது. அதில் பேஸ் கிற்றாரைக் கொழுவி ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் டிரைவ்) போட்டால் அடித்தொனி காணாமல் போகிறது. பேஸுக்கென்று தனியாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் கருவியில் ‘பிளெண்ட்’ (கலப்பு) என்ற குமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாங்கத் தேவையில்லை.

லீட் கிற்றாரின் ஆகக் குறைந்த தந்தி 82 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதை டிரைவுக்கு முன்னரே வெட்டிவிட்டால்தான் கிற்றார் தெளிவாகக் கேட்கும். அந்தச் சுற்றுகளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பேஸின் ஈ தந்தியோ 41 ஹேர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸென்றால் பி தந்தி 31. வெட்டுப்படுவது உங்கள் சுரத்தின் அடியேதான். அதனால் பேஸுக்குச் சுத்த ஒலி ஒரு வழியிலும் டிரைவ் மறுவழியிலும் போய்க் கடைசியில் கலக்க வேண்டும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்அம்ப் பேஸ் டிரைவர் 1990களிலேயே ஒரு பிளெண்ட் குமிழால் இதைச் செய்தது. அது டிஜிற்றல் அல்ல, அனலொக் பெட்டி. இன்றைக்கும் மேடையில் அதை நம்பி வாசிப்பவர்கள் பலர்.

அம்பிளிபயர் ஒலியைக் கணக்குப் போட்டுப் போலச்செய்யும் டிஜிற்றல் கருவிகளுக்கு (மொடலர்கள்) பேஸ்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1995இல் றோலண்டின் வீஜி-8, 1996இல் லைன் 6இன் அக்ஸிஸ் 212, 1998இல் சிறுநீரக வடிவிலான பொட் என முதலில் வந்தவை எல்லாம் லீட் கிற்றாருக்கானவை. பேஸ் பொட் அதற்குப் பின்னர்தான் வந்தது. அது போலச்செய்தது பழைய வால்வு அம்பிளிபயர்களை: 1952இல் வந்த ஃபென்டர் பேஸ்மன், 1960இல் வந்த அம்பெக் பி-15, 1969இல் வந்த அம்பெக் எஸ்விரி போன்றவை. எஸ்விரி 300 வாட், 14 வால்வு. அதன் பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். இரண்டு பேர் இல்லாமல் அசைக்க முடியாது. அந்தச் சுமையிலிருந்து விடுதலை கிடைத்ததே பெரிய விடயம்.

பழைய மொடலர்கள் போலச்செய்வதில் சோர்ந்த இடம் வால்வு அல்ல, ஸ்பீக்கர் பெட்டி. பெட்டியின் ஒலியை இப்போது ‘ஐஆர்’ என்ற சிறு பதிவாக வைத்திருக்கிறார்கள். நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் 1024 மாதிரி கொண்ட ஐஆர் 21 மில்லிசெக்கன் நீளம். உங்கள் ஈ தந்தியின் ஒரு முழு அலைக்கு 24 மில்லிசெக்கன் வேண்டும். ஓர் அலை முடியமுன்னரே பெட்டி முடிந்துவிடுகிறது! லைன் 6 ஹீலிக்ஸ் (2015) போன்றவற்றில் 2048ஐத் தெரிவு செய்யலாம். அது 43 மில்லிசெக்கன். பேஸுக்கு எப்போதும் நீளமானதையே எடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஹெட்போனில் அருமையாகக் கேட்கும் பேஸ், கோயில் திருவிழா மேடையில் ஏறினால் குழம்பிப்போகிறது. மிக்சர்காரர் ‘உங்கட பக்கம் பிழை’ என்கிறார்.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. நீங்கள் இரண்டு வயர் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்: பேஸிலிருந்து நேரே ஒரு டிஐ (மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி), மொடலரிலிருந்து இன்னொன்று. பலர் செய்வது அதுதான், கெடுப்பதும் அதுதான். மொடலர் கணக்குப் போட்டு முடிக்க 2 மில்லிசெக்கன் எடுக்கிறதென்று வையுங்கள். இரண்டும் மிக்சரில் கலக்கும்போது 250 ஹேர்ட்ஸில் ஒன்றையொன்று அழிக்கும். அது பேஸின் உடம்பு இருக்கிற இடம். ஒரு வயர் மட்டும் கொடுங்கள். சுத்த ஒலி வேண்டுமென்றால் மொடலருக்கு உள்ளேயே கலந்து கொடுங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. மிக்சருக்குப் போகும்போது கெப் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியைப் போலச்செய்யும் பகுதி) போட்டிருக்க வேண்டும். மேடையில் உள்ள பேஸ் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒலி இரண்டு பெட்டிக்குள்ளால் வந்து போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும்.

பிறகு ஈக்யூ, அதாவது ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது. ஹெட்போன் தரும் ஆழத்தை மேடைப் பெட்டிகள் தராது; கொடுத்தால் ஸ்பீக்கரின் கோன்தான் வீணே துடிக்கும். நாலு தந்தி பேஸுக்கு லோ கட் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது) 40 ஹேர்ட்ஸ், ஐந்து தந்திக்கு 30. 200–250இல் 3 டெசிபெல் குறையுங்கள். 700–800இல் 3 கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போலிருக்கும், ட்ரம்ஸோடு சேர்ந்தால் ஒவ்வொரு சுரமும் தெரியும். ஹை கட் (அதற்கு மேலே உள்ளதை வெட்டுவது) 5 கிலோஹேர்ட்ஸ். இந்த அளவுகளைச் சத்தம் பார்க்கும் நேரத்தில் முழுக்குழுவும் வாசிக்கும்போது மாற்றுங்கள். தனியே நின்று திருகினால் மீண்டும் ஹெட்போன் ஒலிக்கே போய்ச் சேருவீர்கள்.

உள்ளே 9 வோல்ற் பற்றரி போட்ட அக்டிவ் பேஸென்றால் இன்னொன்று. ஓங்கி அடிக்கும்போது ‘டப்’ என்று உடைகிறதா? மொடலரின் இன்புட் நிரம்பி வழிகிறது. இன்புட்டைக் குறைக்கும் பேட் சுவிச்சைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் பேஸின் வொலியூமைக் குறையுங்கள். அவுட்புட்டைக் குறைப்பதால் இது திருந்தாது.

கேள்வி: ஜெனரேற்றரில் வாசிக்கும்போது ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். சில நேரம் மொடலர் அணைந்து திரும்ப எரிகிறது.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இரண்டும் இரண்டு நோய். இரைச்சலுக்கு, மொடலர் பற்றரியில் ஓடுமென்றால் (சூம் நிறுவனத்தின் பி1 ஃபோர் நாலு டபுள்ஏ பற்றரியில் ஓடும்) அடப்டரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் அடப்டர் அல்லது எர்த் சுழல் (உங்கள் கருவியும் மிக்சரும் எர்த் வழியாக வளையமாய்ச் சேர்வது). மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் அவுட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிரவுண்ட் லிப்ட் சுவிச்சை (அந்த வயரின் எர்த்தை மட்டும் துண்டிப்பது) தட்டுங்கள். மிக்சர் கரண்ட் எடுக்கும் அதே இடத்திலிருந்தே நீங்களும் எடுங்கள். 13 அம்பியர் பிளக்கின் எர்த் வயரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருப்பவர் நீங்கள்.

அணைந்து எரிவது கரண்ட் குறைவதால். அடப்டரில் உள்ள அம்பியரைக் கருவியோடு ஒப்பிடுங்கள்: லைன் 6இன் எச்எக்ஸ் ஸ்டொம்ப் மொடலருக்கு 9 வோல்ற், 3 அம்பியர் வேண்டும், சாதாரண பெடலின் அரை அம்பியர் அடப்டர் அதற்குக் காணாது. அடப்டர் சரியென்றால், மேடை லைற் எல்லாம் ஒன்றாக எரியும்போது வோல்ற்றேஜ் விழுகிறது. கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றே போதும்.

கேள்வி: வீட்டில் பழைய வால்வு அம்ப் ஒன்று உண்டு. அதன் ஒலியைக் கணினியில் பிடித்து வைக்கலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: பிடிக்கலாம். நியூரல் அம்ப் மொடலர் இலவச மென்பொருள். அது தரும் மூன்று நிமிடமளவான சோதனை ஒலியை அம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிந்து கொடுத்தால் அதிலுள்ள நியூரல் நெற்வேர்க் (மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் கணினி முறை) இரண்டையும் ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ளும். ஆனால் அது அந்த நேரத்துக் குமிழ் நிலையை மட்டுமே கற்கும். கெயினை மாற்றினால் இன்னொரு பதிவு வேண்டும். மூன்று நாலு நிலையில் எடுத்து வையுங்கள். ஸ்பீக்கரையோ அதற்குப் பதிலாகச் சுமை தாங்கும் லோட் பெட்டியையோ கொழுவாமல் வால்வு அம்பை ஓடவிடாதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்தால் அதே மாதிரி ஒன்றைத் தேடிப் போடுவது பெரும்பாடு.