1 வோல்ட் ஓப்-ஆம்ப் குளிரில் ஏன் படுத்துவிடுகிறது?

ஒரு வாசகர் தன் ஓப்-ஆம்ப் (சிறிய சிக்னலைப் பெரிதாக்கும் சர்க்யூட்) பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வி சுருக்கமாக இதுதான். 180 நானோமீட்டர் சிமாஸ் பிராசஸ், அதாவது சிப் தயாரிப்பு முறை. சப்ளை 1 வோல்ட், 10 சதவீதம் கூடலாம், குறையலாம். மொத்த கரண்ட் 1 மைக்ரோஆம்பியருக்குள் இருக்க வேண்டும், லோடு 5 பிகோஃபாரட், யூனிட்டி கெயின் (கெயின் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்) 100 கிலோஹெர்ட்ஸ், கெயின் 60 டெசிபெல். என்மாஸ் ட்ரான்சிஸ்டர்களை இன்புட்டாக வைத்து டெலஸ்கோபிக் கேஸ்கோட் (கெயினுக்காக ட்ரான்சிஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அமைப்பு) போட்டிருக்கிறார், இன்புட் காமன்-மோட் (இரண்டு இன்புட்டுக்கும் பொதுவான டிசி வோல்ட்டேஜ்) சப்ளையில் பாதி. அறை வெப்பத்தில், டிடி கார்னரில் (ட்ரான்சிஸ்டர்கள் சராசரியாக அமைந்த நிலை) எல்லாம் சரி. எஸ்எஸ் கார்னர் (ட்ரான்சிஸ்டர்கள் எல்லாம் மந்தமாக அமைந்த நிலை), மைனஸ் 40 டிகிரி, 0.9 வோல்ட் என்று வைத்தால் கெயின் 20 டெசிபெல்லுக்கு விழுகிறது. "ட்ரான்சிஸ்டர்களை அகலமாக்கிப் பார்த்தேன், பெரிதாக மாறவில்லை" என்கிறார்.

அவருக்கு என் பதில் இது. முதலில் சிமுலேட்டரை மூடிவிட்டு ஒரு தாளில் வோல்ட்டேஜைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் இன்புட் ஜோடியின் கேட்-சோர்ஸ் வோல்ட்டேஜ் டிடியில் 0.38 வோல்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். காமன்-மோட் 0.5 என்றால் கீழே இருக்கும் டெயில் ட்ரான்சிஸ்டருக்கு (இன்புட் ஜோடிக்குக் கரண்ட் கொடுப்பது) 0.12 வோல்ட் கிடைக்கிறது. நூலிழையில் ஓடுகிறது, அவ்வளவுதான். இப்போது குளிருக்கு வாருங்கள். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் திரெஷோல்டு (ட்ரான்சிஸ்டர் திறக்கும் கேட் வோல்ட்டேஜ்) சுமார் 1 மில்லிவோல்ட் ஏறும், சில பிராசஸில் அதைவிடக் கூடவும் ஏறும். 67 டிகிரி இறங்கினால் 70 மில்லிவோல்ட்டாவது ஏறிவிடும். எஸ்எஸ் கார்னர் தன் பங்குக்கு இன்னொரு 50 சேர்த்தால் கேட்-சோர்ஸ் 0.5. சப்ளை 0.9 ஆனதால் காமன்-மோட் 0.45. டெயிலுக்கு மிச்சம் எதுவுமே இல்லை. கெயின் விழுந்ததற்குக் கேஸ்கோடு காரணமில்லை, அடியில் இருக்கும் டெயில் செத்துப்போனதுதான் காரணம்.

அகலமாக்கியும் ஏன் பலனில்லை? இவ்வளவு சிறிய கரண்டில் அந்த ட்ரான்சிஸ்டர்கள் ஏற்கெனவே வீக் இன்வர்ஷனில், அதாவது திரெஷோல்டுக்குக் கீழேயே ஓடும் நிலையில், இருக்கின்றன. அங்கே கரண்ட் எக்ஸ்போனென்ஷியலாக ஓடுவதால், அகலத்தை 10 மடங்கு ஆக்கினால்தான் கேட்-சோர்ஸ் அறை வெப்பத்தில் 80 மில்லிவோல்ட் போலக் குறையும், குளிரில் 60 போலத்தான். சாச்சுரேஷனுக்கு (ட்ரெயின் வோல்ட்டேஜ் மாறினாலும் கரண்ட் அதிகம் மாறாத நிலை) தேவையான ட்ரெயின்-சோர்ஸ் வோல்ட்டேஜோ அறை வெப்பத்தில் 100 மில்லிவோல்ட் அளவில் வந்து நின்றுவிடும், ஏனென்றால் அது வெப்ப வோல்ட்டேஜின் சுமார் நான்கு மடங்கு. அதற்குக் கீழே இறக்க முடியாது. நீங்கள் வாங்கியதெல்லாம் வேண்டாத பராசிட்டிக் கெபாசிட்டன்ஸ்தான்.

இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு டெலஸ்கோபிக்கை மறுபடி பாருங்கள். மேலிருந்து கீழ் ஐந்து ட்ரான்சிஸ்டர்கள், ஆளுக்கு 100 மில்லிவோல்ட் என்றாலே 0.5 வோல்ட் போய்விட்டது. மார்ஜின் எதுவும் வைக்காமலேயே 0.9-ல் அவுட்புட் ஆடுவதற்கு 0.4 வோல்ட்தான். நான் இருந்தால் டெலஸ்கோபிக்கை விட்டுவிட்டு இரண்டு ஸ்டேஜ் மில்லர் (அவுட்புட் ஸ்டேஜின் மேல் ஒரு கெபாசிட்டர் போட்டு நிலைப்படுத்தும் அமைப்பு) போடுவேன், கெயினைக் கேஸ்கோடிலிருந்து எடுக்காமல் சேனல் நீளத்திலிருந்து எடுப்பேன். ஜிஎம் என்பது கேட் வோல்ட்டேஜ் மாறும்போது கரண்ட் எவ்வளவு மாறும் என்பது, ஐடி என்பது ஓடும் கரண்ட். வீக் இன்வர்ஷனில் ஜிஎம்/ஐடி 25 வரை கிடைக்கிறது, நீளம் 1 மைக்ரான் வைத்தால் ஒரு ஸ்டேஜுக்கு 40 டெசிபெல் வருவது கடினமல்ல. இரண்டு ஸ்டேஜுக்கு 80, உங்களுக்குத் தேவை 60.

கரண்ட் போதுமா என்றால், போதும். மில்லர் கெபாசிட்டர் 2 பிகோஃபாரட் என்றால் 100 கிலோஹெர்ட்ஸுக்கு இன்புட் ஜிஎம் 1.26 மைக்ரோசீமென்ஸ், அதாவது ஒரு பக்கத்துக்கு 50 நானோஆம்பியர். இரண்டாவது போலை (கெயின் இன்னும் வேகமாக விழத் தொடங்கும் அதிர்வெண்) 300 கிலோஹெர்ட்ஸில் வைக்க, அவுட்புட் ஸ்டேஜுக்கு 9.4 மைக்ரோசீமென்ஸ் வேண்டும், அது சுமார் 0.4 மைக்ரோஆம்பியர் கேட்கும். இன்புட்டைவிட அவுட்புட்டுக்குத்தான் செலவு அதிகம் என்பதைக் கவனியுங்கள். எல்லாம் சேர்த்து 0.5, பயாஸுக்கு இன்னும் பாதி பட்ஜெட் இருக்கிறது. ஃபேஸ் மார்ஜின் (ஃபீட்பேக்கில் ஊசலாடாமல் இருப்பதற்கான இடைவெளி) 60 டிகிரிக்கு மேல் வரும். ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறக்கூடிய உச்ச வேகம்) மட்டும் ஒரு மைக்ரோசெகண்டுக்கு 50 மில்லிவோல்ட்தான், அது போதுமா என்று உங்கள் சிக்னலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் காமன்-மோட். பாதி சப்ளையில் வைப்பது பழக்கம்தானே தவிர கட்டாயமில்லை, 1 வோல்ட்டில் அது என்மாஸ், அதன் தலைகீழ் வகையான பிமாஸ், இரண்டு வகை இன்புட்டுக்குமே மோசமான இடம். பிமாஸ் இன்புட் எடுத்துக் காமன்-மோடை 0.2 வோல்ட்டில் வையுங்கள். குளிரில் கேட்-சோர்ஸ் 0.5 ஆனாலும் சோர்ஸ் 0.7-ல் நிற்கும், 0.9 சப்ளையிலும் டெயிலுக்கு 0.2 இருக்கும். கெபாசிட்டர் ஃபீட்பேக் என்றால் இன்புட் டிசி 0.2, அவுட்புட் டிசி 0.45 என்று தனித்தனியே வைப்பதில் சிரமமே இல்லை. பிமாஸுக்குத் தனி என்-வெல் கிடைப்பதால் பாடியை லேசாக ஃபார்வர்ட் பயாஸ் செய்து திரெஷோல்டைக் கொஞ்சம் இறக்கவும் வழி உண்டு, ஆனால் உச்ச வெப்பத்தில் ஜங்ஷன் லீக்கேஜைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். பல்க்-டிரிவன் இன்புட்டை (சிக்னலைக் கேட்டுக்குப் பதில் பாடியில் கொடுப்பது) நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். பாடியின் ஜிஎம் கேட்டினுடையதில் கால் பங்கு போலத்தான் வரும், அதே வேகத்துக்கு அத்தனை மடங்கு கரண்ட் கேட்கும், நாய்ஸும் ஏறும்.

எல்லா ட்ரான்சிஸ்டரையும் வீக் இன்வர்ஷனில் போட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கிமேட்டிக் சிமுலேஷனில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. கரண்ட் மிர்ரரின் (ஒரு கரண்டை இன்னொரு ட்ரான்சிஸ்டரில் நகலெடுக்கும் ஜோடி) மிஸ்மேட்ச் என்பது ஜிஎம்/ஐடியைத் திரெஷோல்டு மிஸ்மேட்சால் பெருக்கினால் வருவது. திரெஷோல்டு சிக்மா (சிதறலின் அளவு) 3 மில்லிவோல்ட் என்றால், ஜிஎம்/ஐடி 25-ல் கரண்ட் 7.5 சதவீதம் சிதறும், 10-ல் வைத்தால் 3 சதவீதம். இன்புட் ஜோடிக்கு இது நேர்மாறு: அங்கே ஜிஎம்/ஐடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, மிர்ரரிலிருந்து வரும் ஆஃப்செட்டும் நாய்ஸும் அந்த அளவுக்கு அடங்கும். ஆனால் மிர்ரரை 10 வரை இறக்க உங்கள் சப்ளை விடாது. அதன் கேட்-சோர்ஸ் ஏறினால் பிமாஸ் இன்புட்டின் ட்ரெயினும் மேலே போகும், 0.7-ல் நிற்கும் சோர்ஸுக்குக் கீழே 0.1 வோல்ட்டாவது விட்டாக வேண்டுமே. அதனால் ஜிஎம்/ஐடியை 15 அளவில், அதாவது வீக் இன்வர்ஷனுக்கு ஒரு படி மேலே மாடரேட் இன்வர்ஷனில் வைத்து, மீதியை ஏரியாவால் சரிசெய்யுங்கள். ஏரியா நான்கு மடங்கானால் சிக்மா பாதியாகும்.

சப்ளையைக் குறைத்தாலே பவர் குறையும் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. டிஜிட்டலில் சரி. அனலாகில் சிக்னல் பாதியானால், அதே சிக்னல்-நாய்ஸ் விகிதத்துக்குக் கெபாசிட்டர் நான்கு மடங்கு வேண்டும், அதே வேகத்துக்குக் கரண்டும் நான்கு மடங்கு. வோல்ட்டேஜ் பாதியானதைக் கழித்தாலும் பவர் இரட்டிப்பு! 1 பிகோஃபாரடில் அறை வெப்ப நாய்ஸ் 64 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ், அதை எந்த சர்க்யூட்டாலும் ஏமாற்ற முடியாது. 1 வோல்ட் என்பது பேட்டரி விதித்த கட்டாயம் என்றால் சரி, இல்லையென்றால் 1.8 வோல்ட்டிலேயே இருங்கள்.

பயாஸ் பற்றி ஒன்று. வழக்கமான பேண்ட்கேப்பின் (வெப்பம் மாறினாலும் மாறாத ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ் தரும் சர்க்யூட்) அவுட்புட்டே 1.2 வோல்ட், உங்கள் சப்ளைக்குள் அது அடங்காது. 1999-ல் பன்பாவும் குழுவினரும் காட்டிய கரண்ட்-மோட் முறையில் இரண்டு கரண்ட்டுகளைக் கூட்டி ரெசிஸ்டரில் விட்டு 1 வோல்ட்டுக்குக் கீழே ரெஃபரன்ஸ் எடுக்கலாம். ஆனால் டயோடு வோல்ட்டேஜும் குளிரில் 0.7 தாண்டும், அதற்குள் இருக்கும் ஓப்-ஆம்புக்கும் இதே கணக்கைப் போட வேண்டும்.

மாற்றியபின் எஸ்எஸ், மைனஸ் 40, 0.9 வோல்ட்டில் முதலில் ஏசி கர்வைப் பார்க்காதீர்கள். ஆப்பரேட்டிங் பாயின்ட்டை எடுத்து, ஒவ்வொரு ட்ரான்சிஸ்டருக்கும் ட்ரெயின்-சோர்ஸ் அதன் சாச்சுரேஷன் எல்லையைவிட 50 மில்லிவோல்ட்டாவது மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஃப்எஃப் (ட்ரான்சிஸ்டர்கள் எல்லாம் வேகமாக அமைந்த நிலை), உச்ச வெப்பத்தில் லீக்கேஜ். அது முடிந்தால் மான்டே கார்லோ, அதாவது மிஸ்மேட்சைக் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டும் சிமுலேஷன்.